ஐந்து பேர், ஒரு தோப்பு வழி: ராக்ஸா, ஸ்கார்பியோ-என்னா, ஜிம்னியா, கூர்க்காவா?

கேள்வி கேட்டவரின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் வேலை. வீட்டில் ஐந்து பேர்: கணவன், மனைவி, ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அம்மா. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து தோப்புக்குப் போகும் வாய்க்கால் கரை வழி மழைக்காலத்தில் சேறாகிவிடும். விடுமுறையில் வால்பாறை, ஊட்டி, கொடைக்கானல். ஆன் ரோடு 25 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மஹிந்திரா தார் ராக்ஸ், ஸ்கார்பியோ-என், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா ஐந்து கதவு, இந்த நான்கில் எதை வாங்கலாம் என்று கேட்கிறார்.

இந்த நான்கு வண்டிகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. நான்குமே லேடர் ஃபிரேம் எனும் ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றி வைத்தவை. பின்பக்கம் ஒரே துண்டு ஆக்சில். லாரிக்கும் அடிப்படை இதுதான். கரடுமுரடான வழியில் இந்த அமைப்பு அசராது. ஆனால் அதற்கான விலையைக் குடும்பம் தினமும் கொடுக்க வேண்டியிருக்கும். தரைத்தளம் உயரமாக இருப்பதால் அம்மா ஏறுவது சிரமம். ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழுந்தால் மறுபக்கமும் ஆடுவதால் பின் சீட்டில் இருப்பவர்கள் இடமும் வலமும் குலுங்குவார்கள். எடை கூடுவதால் மைலேஜ் குறையும். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு வாங்குவதற்கு ஒரே நியாயம், ஃபோர் பை ஃபோரும் (நான்கு சக்கரத்துக்கும் இழுவை) அதோடு வரும் ஃபோர் லோ கியரும் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது) உண்மையிலேயே தேவைப்படுவதுதான். அது தேவையில்லை என்றால் கிரெட்டா, கிராண்ட் விட்டாரா மாதிரி, உடலும் சட்டமும் ஒன்றாகவே இருக்கும் மோனோகாக் வண்டி உங்கள் வீட்டுக்கு எல்லா வகையிலும் சுகம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், விற்பனையாகும் ராக்ஸ்களில் பெட்ரோல் எடுப்பவர்கள் எல்லோருமே பின்சக்கர இழுவை வண்டியைத்தான் எடுக்கிறார்கள். ராக்ஸில் ஃபோர் பை ஃபோர் டீசலுக்கு மட்டும்தான். தோற்றம் ஜீப், சேற்றில் இறங்கினால் சாதாரண கார். சொல்லப்போனால் அதைவிடவும் மோசம்: இரண்டு டன்னை ஒட்டிய எடை, இழுவை பின்சக்கரத்துக்கு மட்டும். ஈரச் சேற்று மேட்டில் முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக் ஏறிவிடும் இடத்திலும் இது பின்பக்கம் வழுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். லேடர் ஃபிரேம் வாங்கிவிட்டு ஃபோர் பை ஃபோரை விடுவது, என் கணக்கில், கஷ்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பலனைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது.

அதனால் ஷோரூமுக்குப் போகும் முன் தோப்பு வழியைப் பாருங்கள். ஐப்பசி மழை பெய்த மறுநாள் நடந்தே போங்கள். டிராக்டர் போகும் வழியென்றால் இரண்டு தடமும் ஆழமாகவும் நடுவில் மண் மேடாகவும் இருக்கும். அந்த நடுமேடுதான் காரின் வயிற்றில் தட்டும். அதன் உயரத்தை ஒரு குச்சியில் அளந்துகொள்ளுங்கள். 20 செ.மீ.க்குள் இருந்து, சேறு விரற்கடை ஆழம்தான், அடியில் கெட்டித் தரை என்றால் எந்த எஸ்யூவியும் போகும். கணுக்கால் வரை கால் இறங்குகிறது, வழி ஒரு பக்கம் சரிவாகவும் இருக்கிறது என்றால் ஃபோர் பை ஃபோர் வேண்டும். சரிவான கரையில் வண்டி பக்கவாட்டில் வழுக்கினால் நேராக வாய்க்காலுக்குள்தான்.

இன்னொன்றும் யோசியுங்கள். ராக்ஸில் ஒரே வேரியண்டை பின்சக்கர இழுவையிலும் ஃபோர் பை ஃபோரிலும் எடுத்தால் விலை வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு லட்சம். மோசமான பகுதி உங்கள் சொந்தப் பட்டாவுக்குள் இருந்தால், அந்தப் பணத்துக்குக் கிராவல் அடித்து ரோலர் விட்டுவிடலாம். தேங்காய் லோடு ஏற்ற வரும் லாரிக்கும் அது உதவும். வாய்க்கால் கரை அரசுக்குச் சொந்தம் என்றால் நீங்களாக மண் கொட்ட முடியாது. அப்போது வண்டியைத்தான் தயார் செய்ய வேண்டும். சரி, வழி மோசம், வண்டிதான் தீர்வு என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஜிம்னியை முதலிலேயே எடுத்து ஓரம் வைத்துவிடலாம். அதில் நான்கு சீட்தான். ஆர்சி புத்தகத்திலும் நான்கு பேர்தான். நீங்கள் ஐந்து பேர். சின்னவன்தானே, பாட்டி மடியில் உட்காரட்டும் என்று நினைக்க வேண்டாம். திடீர் பிரேக்கில் மடியிலிருக்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த எந்தக் கைக்கும் வலு கிடையாது. பின் சீட்டை நிமிர்த்தி வைத்தால் டிக்கியும் 208 லிட்டர்தான்.

அதை இப்படி ஒரே பத்தியில் தள்ளுவது எனக்கே மனசில்லாத காரியம். சேற்றைப் பொறுத்தவரை ஜிம்னி கெட்டிக்கார வண்டி. எடை 1,200 கிலோவை ஒட்டித்தான். மற்ற மூன்றும் அதைவிட 700, 800 கிலோ கூடுதல். கனமான வண்டி புதையும் இடத்தில் இது மேலோடு போய்விடும். அகலம் 1,645 மி.மீ. என்பதால் தோப்பு வரப்புகளில் லேசாக நுழையும். எந்த வேரியண்ட் எடுத்தாலும் ஃபோர் பை ஃபோரும் லோ கியரும் கூடவே வருகிறது. ஆனால் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 103 குதிரைத்திறனும் 134 நியூட்டன் மீட்டர் இழுவையும்தான் தரும். நான்கு பேரோடு ஏசி போட்டு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது இரண்டாம் கியரிலேயே கத்திக்கொண்டு போகும். இரண்டு பேருக்கும் ஒரு தோப்புக்கும் அருமையான வண்டி. ஐந்து பேர் வீட்டுக்கு ஒரே வண்டியாக இருக்க அதனால் முடியாது.

கூர்க்கா இதற்கு நேர் எதிர். 2024-ல் வந்த ஐந்து கதவு மாடலில் மூன்று வரிசை, ஏழு பேர் உட்காரலாம். 2.6 லிட்டர் டீசல் எஞ்சின் மெர்சிடிஸ் வழி வந்தது. 140 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர். கிரவுண்ட் கிளியரன்ஸ் 233 மி.மீ. 700 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் இறங்கலாம். காற்று இழுக்கும் ஸ்நார்க்கல் கம்பெனியிலேயே வருகிறது. முக்கியமாக முன், பின் இரண்டு ஆக்சிலிலும் டிஃபரன்ஷியல் லாக் (இரு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் பூட்டு) உண்டு. இந்த விலையில் இரண்டு லாக்கும் தருவது இது ஒன்றுதான். உங்கள் தோப்பு வழியை மட்டும் வைத்து மார்க் போட்டால் கூர்க்காவுக்குத்தான் முதலிடம்.

குடும்பத்தை வைத்துப் போட்டால் கடைசி. ஐந்து கியர் மேனுவல் மட்டும்தான், ஆட்டோமேட்டிக் இல்லை. ஏர்பேக் இரண்டே இரண்டு; மற்ற மூன்று வண்டிகளிலும் ஆறு ஏர்பேக் கிடைக்கிறது. மோதல் சோதனை மதிப்பெண்ணும் கிடையாது. கேபின் சத்தமும் அதிகம். எஸ்டேட் வைத்திருப்பவர்கள், கூடவே வீட்டில் இன்னொரு கார் இருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோவையிலிருந்து சென்னை வரை போகும் ஒரே வண்டியாக நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஆக, மிச்சம் மஹிந்திராவின் இரண்டு. இரண்டுமே நம் ஊர்ப் பக்கம் உருவானவை என்று சொல்லலாம். கம்பெனியின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு மஹிந்திரா சிட்டியிலும், சோதனைத் தடம் செய்யாறு பக்கத்திலும் இருக்கின்றன. எஞ்சின் குடும்பமும் ஒன்றுதான். ஃபோர் பை ஃபோருக்கு வரும் 2.2 லிட்டர் டீசலில் உயர்ந்தபட்சம் 170-ஐ ஒட்டிய குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர். ஸ்கார்பியோ-என் ஆட்டோமேட்டிக்கில் 400. ஐந்து பேரும் லக்கேஜும் ஏற்றினாலும் எந்த மலையிலும் திணறாது. இழுவையில் இரண்டுக்கும் இடையே சண்டை போட ஒன்றும் இல்லை.

வித்தியாசம் தொடங்குவது நீளத்தில். ஸ்கார்பியோ-என் 4,662 மி.மீ. நீளம், 1,917 மி.மீ. அகலம். ராக்ஸ் 4,428 மி.மீ. நீளம், 1,870 மி.மீ. அகலம். ஆனால் இரண்டு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் ராக்ஸில் 2,850, ஸ்கார்பியோவில் 2,750. வண்டி சின்னது, வீல்பேஸ் பெரியது. ராக்ஸில் மூன்றாவது வரிசை இல்லாததால் அந்த இடம் எல்லாம் இரண்டாவது வரிசைக்கும் டிக்கிக்கும் போய்விட்டது. ஸ்கார்பியோவில் கடைசி வரிசையைத் திணித்திருக்கிறார்கள். அதை நிமிர்த்தி வைத்தால் டிக்கி என்று ஒன்றே இல்லை, இரண்டு பை வைத்தால் கதவு மூடாது. மடித்தாலும் சீட் தரையோடு தரையாகப் போகாமல் நின்றுகொண்டு இடத்தை அடைக்கும்.

ஐந்து பேர்தான் எப்போதும் போவீர்கள் என்றால் அந்தக் கடைசி வரிசை உங்களுக்குச் சுமைதான். தங்கை குடும்பம் வந்தால் எல்லோரும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்பது மாதம் ஒரு முறையாவது நடக்கிற காரியமாக இருந்தால் ஸ்கார்பியோ-என் எடுங்கள். வருடத்துக்கு ஒரு திருவிழாவுக்கு மட்டும் என்றால் அன்றைக்கு ஒரு டாக்ஸி பேசிவிடலாம். கடைசி வரிசையில் உட்காரப் போவது எப்படியும் பிள்ளைகள்தான். ஆக்சிலுக்கு மேலேயே உட்கார்ந்து வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வாந்தி பையைத் தேட வேண்டியிருக்கும்.

இப்போது அம்மா. எஸ்யூவி ஒப்பீடு எழுதுகிறவர்கள் யாரும் அம்மாவை எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொள்ளலாம். இறங்கும்போது முழு எடையும் ஒரே முட்டியில் வந்து நிற்கும். ஆகவே ஃபுட்போர்டு கட்டாயம். அது எவ்வளவு அகலம், செருப்பின் பாதிக்கு மேல் அதில் பதிகிறதா, ஈரமானால் வழுக்குமா என்று பாருங்கள். பின் கதவுப் பக்கத் தூணில் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவைக் கூட்டிப் போய் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விற்பனைப் பிரதிநிதி முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். ஏறி உட்கார்ந்த பிறகு இரண்டிலுமே பின் சீட் வசதிதான். ராக்ஸில் கால் வைக்க இடம் தாராளம்.

ஓட்டத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. பின்பக்கம் இரண்டிலும் ஐந்து கம்பிகள் பிடித்து நிறுத்தும் ஆக்சிலும், பக்கவாட்டு அசைவைக் குறைக்கும் வாட்ஸ் இணைப்பும் உண்டு. பழைய ஸ்கார்பியோவை ஓட்டியவர்கள் அதே வண்டியின் பெயரா இது என்று கேட்பார்கள். இருந்தும் உடைந்த சாலையில் மெதுவாகப் போகும்போது ராக்ஸ் கொஞ்சம் கடினமாகத் தட்டும். மேல் வேரியண்ட்களில் வரும் 19 அங்குல அலாய்க்கும் அதில் பங்கு உண்டு. கீழ் வேரியண்டின் 18 அங்குலத்தில் டயர் சுவர் கொஞ்சம் உயரம், அடி கொஞ்சம் குறையும். தோப்பு வழியில் கல் இடித்தாலும் அதுதான் தாங்கும். ஸ்கார்பியோ-என் நெடுஞ்சாலையில் கனமாகப் படிந்து ஓடும். ராக்ஸின் நிமிர்ந்த கண்ணாடியில் நூறைத் தாண்டினால் காற்றுச் சத்தம் கேட்கத் தொடங்கும்.

பாதுகாப்பில் ராக்ஸ் முன்னால் நிற்கிறது. 2024-ல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு 32-க்கு 31.09, குழந்தைகளுக்கு 49-க்கு 45 வாங்கி இரண்டிலும் ஐந்து நட்சத்திரம். ஸ்கார்பியோ-என் 2022-ல் குளோபல் என்கேப் சோதனைக்குப் போனபோது பெரியவர்களுக்கு ஐந்து, குழந்தைகளுக்கு மூன்று நட்சத்திரம். இரண்டும் வேறு வேறு அமைப்புகளின் சோதனை, மதிப்பெண்ணை நேருக்கு நேர் கழித்துப் பார்க்க முடியாது. ஆனாலும் பின் சீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை உட்காரும் வீட்டில் அந்த மூன்று என்னை உறுத்தும். ஜிம்னிக்கு நம் ஊர்ச் சோதனை முடிவு இல்லை. ஐரோப்பாவில் 2018-ல் சோதித்த மூன்று கதவு மாடலுக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது. எந்த வண்டி எடுத்தாலும் பின் சீட்டில் நடுவில் இருப்பவருக்குத் தோளோடு வரும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். சின்னவனுக்கு ஒரு பூஸ்டர் சீட்டும் வாங்கிவிடுங்கள்.

ஃபோர் பை ஃபோர் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் பரவலாக இருக்கின்றன. முதலாவது, மழையில் மலைப்பாதையில் போகும்போது ஃபோர் ஹை (சாதாரண வேகத்தில் நான்கு சக்கர இழுவை) போட்டுக்கொண்டால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்பது. இந்த நான்கு வண்டியிலும் இருப்பது பார்ட் டைம் அமைப்பு; முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில், வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லாமல் அந்த முறுக்கு எல்லாம் கியரிலும் ஷாஃப்டிலும் போய் ஏறும். ஸ்டியரிங் இறுகும், தேய்மானம் கூடும். தார் ரோடு என்றால் டூ ஹைதான், அதாவது பின்சக்கர இழுவை மட்டும். தண்ணீர் தேங்கி, மண் சரிந்து கிடக்கும் இடத்தில் மட்டும் ஃபோர் ஹை போட்டுத் தாண்டிவிட்டு எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது நம்பிக்கை ஆபத்தானது: ஃபோர் பை ஃபோர் என்றால் இறக்கத்திலும் நன்றாக நிற்கும் என்பது. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. இரண்டு டன் வண்டியை நிறுத்துவது ஒரு டன் வண்டியை நிறுத்துவதைவிடக் கடினம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளை விடாமல் கட்டுப்பாடு வைத்திருப்பது, பிரேக் காந்திப்போய் நடந்த விபத்துகளால்தான். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்; ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவலுக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ வைத்துக்கொள்ள வேண்டும். தோப்புக் கரையில் செங்குத்தாக இறங்கும் இடத்தில் ஃபோர் லோ முதல் கியர் போட்டுக் காலை எடுத்துவிட்டால் வண்டி நடை வேகத்தில் தானாக இறங்கும். குடும்ப உபயோகத்தில் ஃபோர் லோவின் முதல் பயன் இதுதான் என்பேன்.

டிஃபரன்ஷியல் லாக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆக்சிலில் ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுழன்றால் இழுவை முழுக்க அதற்கே போய் மற்றது நின்றுவிடும். லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும். ராக்ஸ் ஃபோர் பை ஃபோரில் பட்டனில் போடும் பின் லாக் கிடைக்கிறது. ஸ்கார்பியோ-என்னில் தேவைப்படும்போது தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் வகை. நீங்கள் எடுக்கும் வேரியண்டில் அது இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜிம்னியில் லாக் கிடையாது, சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து அடக்கும் வகை. அந்த எடைக்கு அது போதும். உங்கள் வழிக்கு எனக்குப் பிடித்தது ராக்ஸின் பட்டன். வழுக்கப் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும் இடத்தில் முன்கூட்டியே போட்டுவிடலாம், சக்கரம் சுழன்று குழி பறிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கரை ஏறும்போது முகம் இடிக்காமல் ஏறக்கூடிய கோணம் ராக்ஸில் 41.7 டிகிரி, வால் இடிக்காமல் இறங்க 36.1. இரண்டும் பிரமாதம். வயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டும் கோணம் மட்டும் 23.9, நீண்ட வீல்பேஸின் விலை அது. கூர்க்காவில் அது 28. வாய்க்கால் பாலத்தின் முதுகு கூராக இருந்தால் கவனம். நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்வாக ஏற்றினால் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

தண்ணீர் ஆழக் கணக்கையும் நம்பி ஏமாற வேண்டாம். ராக்ஸுக்கு 650 மி.மீ. என்பது நிற்கும் தண்ணீரில், அடித்தரை தெரிந்த இடத்தில், மெதுவாகப் போகும்போது. கோவை லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் மழைநாளில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஓடும் தண்ணீர் என்றால் முழங்கால் ஆழத்துக்கே வண்டியைத் தள்ளிவிடும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை வேண்டாம்.

விலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு, 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 20 லட்ச வண்டிக்கு வரி 3.6 லட்சம், அப்புறம் இன்சூரன்ஸ், ஒரு சதவீத டிசிஎஸ் (விற்பவர் வசூலிக்கும் வரி) எல்லாம் சேர்ந்தால் 25-ஐத் தொட்டுவிடும். ஆக உங்கள் எல்லை ஷோரூம் விலையில் 20 லட்சம். அதைத் தாண்டினால் வரி விகிதமே ஏறிவிடும். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியதில் இந்தப் பெரிய டீசல் எஸ்யூவிகளுக்குச் செஸ்ஸோடு 50 சதவீதத்தை ஒட்டியிருந்த வரி 40 ஆனது, அது உங்களுக்கு லாபம். இந்த எல்லைக்குள் ராக்ஸில் எம்எக்ஸ்5 வேரியண்டின் மேனுவல் ஃபோர் பை ஃபோர் வசதியாக வரும். உச்ச வேரியண்ட் ஆட்டோமேட்டிக் ஃபோர் பை ஃபோர் வராது. ஸ்கார்பியோ-என்னிலும் கீழ் வேரியண்ட் ஃபோர் பை ஃபோர்தான் அடங்கும்.

ஓட்டும் செலவு: ஊருக்குள் லிட்டருக்கு பத்து, பதினொன்று கிடைத்தால் திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம் டிபிஎஃப். இப்போதைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். தினமும் இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடம், ஒரு கிலோமீட்டர் காய்கறிக் கடை என்று மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். வாரம் ஒரு தடவை கோவையிலிருந்து ஆனைமலை வரை நெடுஞ்சாலையில் நிற்காமல் போய் வருவீர்கள் அல்லவா, அதுவே போதும். தோப்பு இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

சின்ன விஷயங்கள் சில. நான்கு வண்டியிலுமே பின் கதவு பக்கவாட்டில் திறக்கும், மேலே தூக்கும் வகை இல்லை. வீட்டில் சுவரோடு ஒட்டி ரிவர்ஸில் நிறுத்துபவராக இருந்தால் டிக்கியைத் திறக்கவே முடியாது. வீட்டு கேட்டின் அகலத்தையும் ஒரு தடவை டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஸ்கார்பியோ-என்னின் 1,917 கண்ணாடியைச் சேர்க்காத கணக்கு. ராக்ஸின் வெள்ளை சீட் செம்மண்ணையும் இரண்டு பிள்ளைகளையும் தாங்காது. ஃபோர் பை ஃபோருக்குப் பழுப்பு நிற உட்புறம் கொடுத்தார்கள், கிடைத்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். இரும்பு புல் பார் மாட்டச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள்; 2017-லேயே மத்திய அரசு தடை செய்தது, ஏர்பேக் சென்சார் வேலையையும் அது கெடுக்கும். வண்டி வந்த உற்சாகத்தில் காட்டு வழியில் இறக்கிப் பார்க்கவும் வேண்டாம். ஆனைமலை புலிகள் காப்பகம் உங்கள் தோப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போனால் வழக்கு. கொழுக்குமலை ஏறுவதென்றால் சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப்தான்.

எனவே உங்களுக்கு என் தேர்வு ராக்ஸ் டீசல் ஃபோர் பை ஃபோர், 18 அங்குல டயர் வேரியண்ட். மனைவியும் ஓட்டுவார், ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் 25 லட்சத்தை 27 வரை தளர்த்த வேண்டியிருக்கும். தளர்த்த முடியாது, மேனுவலும் வேண்டாம் என்றால் தோப்புக்குக் கிராவல் அடிக்கும் யோசனைக்குத் திரும்பிவிட்டு, ஒரு நல்ல ஆட்டோமேட்டிக் மோனோகாக் எடுங்கள். நடுவில் நின்றுகொண்டு பெட்ரோல் ராக்ஸ் மட்டும் எடுக்காதீர்கள்.

மிச்சம் பிடித்த பணத்தில் டயர். கம்பெனி டயரின் பட்டன் தேய்ந்ததும் ஆல் டெரெய்ன் வகைக்கு மாறுங்கள், அளவை மட்டும் மாற்ற வேண்டாம். களிமண் சேற்றில் சாலை டயரின் பட்டன் இடுக்கு எல்லாம் மண் அடைத்து வழவழவென்று ஆகிவிட்டால் எந்த லாக்கும் உதவாது. 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப் ஒன்று டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். சேற்றில் இறங்கும் முன் 22, 24 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கினால் டயர் அகன்று பதியும். தார் ரோடு ஏறியதும் மறுபடி அடித்துவிட வேண்டும். வண்டியைத் தாங்கும் இழுவைப் பட்டை ஒன்றும், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகைத் துண்டும் போதும்.

டெலிவரி எடுக்கும் நாளில் பூஜைக்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது. ஷோரூம் யார்டில் மண் தரை இருந்தால் வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ஃபோர் லோ போடச் சொல்லுங்கள், டாஷ்போர்டில் விளக்கு நிலையாக எரிகிறதா, நாலடி முன்னும் பின்னும் போகிறதா, லாக் விழுந்து எடுபடுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் மாதம் ஒரு தடவையாவது தோப்பு மண்ணில் அதைப் போட்டு எடுங்கள். வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் அடைமழை நாளில் தேவைப்படும்போது அது விழ மறுக்கும்.